வெயில் படாத பிள்ளை

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இந்த மரத்து நெழல்ல எனக்கு ஒரு சாண் எடம் இருந்தாப் போதும். நீயும் பிள்ளைங்க வார்டுதானா? பையனா? மஞ்சக்காமாலையா, அது சரியாப் போயிரும், பயப்படாத. நானா? என் தம்பி மக உள்ள இருக்கா. சுபிக்‌ஷான்னு பேரு, நாங்க சுபின்னு கூப்பிடுவோம். பதிமூணு நடக்குது. பாத்தா ஒம்பதுன்னுதான் சொல்லுவ. குடல்ல ஒரு எடம் புண்ணாகி புண்ணாகி சுருங்கிப் போச்சாம். புதன்கெழம ஆபரேசன்.

ராஜபாளையத்துக்குக் கெழக்க எங்க ஊரு. விடியக்காலம் மொத பஸ்ஸப் புடிச்சு வந்தேன். நேத்தும் வந்தேன். உள்ள போகல. போக விடமாட்டாங்க. வாச்மேன் இல்ல தாயி, அந்தாளு பாவம். எங்க வீட்டு ஆளுகதான். வளத்த கடா மார்ல பாஞ்சா அத யாருகிட்டப் போய்ச் சொல்றது? ஆபரேசனுக்கு முன்னால அந்தப் பிள்ள என்னய ஒரு தடவ ‘அத்த’ன்னு கூப்பிட்டுட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம். அதுக்குத்தான் இப்படி வந்து காவல் கெடக்கேன்.

என் தம்பி பெருமாள்சாமி லாரி ஓட்டுறான். மாசத்துல பாதி நாளு வடக்க எங்கிட்டாவது கெடப்பான். அவன் பொண்டாட்டி ஜெயசுதா நூல் மில்லுல ஷிப்டு வேல பாக்குறா, ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் ராத்திரி. அப்பப் பிள்ளைய வளத்தது யாரு? பெத்தவ அவதான், இல்லைங்கல. ஆனா பால்குடி மறந்ததுல இருந்து சுபி படுத்தது என் சீலைக்குள்ள. சீவிச் சிங்காரிச்சது நான், சோறு ஊட்டுனது நான், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான். இன்னைக்கு நான் வேத்தாளாம்.

எனக்குப் பிள்ளகுட்டி இல்ல. இந்தா, என் கையப் பாரு. இந்த நெறத்தோடதான் என்னயக் கட்டிக் குடுத்தாங்க. மறுவீடு போன அன்னைக்கே என் மாமியா, ‘பொண்ண அடுப்புக்குள்ள இருந்தா எடுத்துட்டு வந்தீங்க’ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. புதுப்பொண்ணு என்ன செய்ய, நானும் சேந்து சிரிச்சேன். அந்த மனுசன் ஒரு கல்யாண வீட்டுக்கு, ஒரு திருவிழாவுக்கு என்னயக் கூட்டிட்டுப் போனதில்ல. பக்கத்துல நடக்கவே வெக்கம் அவனுக்கு. பெறகு சாத்தூர்ல ஒருத்தி கூடத் தொடுப்பு ஆயிருச்சு. சும்மா சொல்லக் கூடாது, அவ நல்லா வெளுப்பு. நான் பொட்டியத் தூக்கிக்கிட்டு பெறந்த வீட்டுக்கு வந்துட்டேன். லோகம்மா வாழாவெட்டியா வந்துட்டான்னு ஊரே பேசுச்சு.

அப்பத்தான் சுபி பெறந்தா. எங்க வம்சத்துலயே கெடையாத நெறம் தாயி. நர்சம்மா கையில குடுக்கும்போது, பிள்ளைய மாத்திக் குடுத்துட்டீங்களான்னு நான்தான் கேட்டேன். ரோசாப்பூவுல பாலத் தெளிச்சாப்புல இருந்தா. என் தம்பியும் கறுப்பு, ஜெயசுதாவும் ஒண்ணும் செவப்பில்ல. அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். இந்தப் பிள்ளைய எவளும் அடுப்புக்குள்ள இருந்து எடுத்தீங்களான்னு கேக்கக் கூடாது, எவனும் இவ பக்கத்துல நடக்க வெக்கப்படக் கூடாது.

அதுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமா? எங்க ஊரு வெயிலு உனக்குத் தெரியுமோ என்னமோ, ஒரே வருசத்துல தந்தத்தக் கரியாக்கிப்புடும். பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தான். கொடை இல்லாம அனுப்ப மாட்டேன். மழைக்கே கொடை பிடிக்காத ஊரு, இவ வெயிலுக்குப் பிடிக்கிறாளேன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும். வெளையாட்டுப் பீரியடுக்கு இவள எறக்கக் கூடாதுன்னு டீச்சர்கிட்டப் போய்ச் சண்ட போட்டேன். கோகோ ஆடணும்னு கேட்டா. கல்யாணமாகி புருசன் வீட்டுல போய் ஆடிக்கோடின்னேன். லீவு நாள்ல தெருவுல பிள்ளைங்க கத்தும். ஜன்னல்ல வெயிலு அடிக்குதுன்னு என் பழைய சீலையக் கட்டிவிட்டிருந்தேன். அது கிழிஞ்ச எடத்துல கண்ண வச்சுப் பாத்துக்கிட்டு நிப்பா. என்னடின்னு கேட்டா சிரிப்பா. அழுது அடம் பிடிக்கிற பிள்ளையே இல்ல. அது மாதிரி ஒரு பிள்ளைய நீ பாக்க முடியாது.

பத்து வயசு இருக்கும்போது வயித்த வலின்னு ஆரம்பிச்சா. வலிக்கும், வெளிக்கிப் போவா, வருவா, திரும்பப் போவா. எந்தப் பிள்ளைக்கு வயித்த வலி வரல? ஓமத்தண்ணி குடுத்தேன், மாதுளம்பிஞ்ச அரச்சு மோருல குடுத்தேன், வசம்பு சுட்டுத் தொப்புளச் சுத்திப் போட்டேன். ரெண்டு நாளு நிக்கும், திரும்ப வரும். வாசல்ல விக்கிற மிட்டாயி, சிப்ஸு, அதுக்குன்னு காசு குடுத்தது யாரு? அவ ஆத்தா. அத நான் இன்னைக்கு வரைக்கும் வெளிய சொல்லல.

சோறும் கம்மியாத்தான் திம்பா. வளரவும் இல்ல. ஒம்பது வயசுத் தீவாளிக்கு எடுத்த பாவாடை பன்னெண்டுலயும் சேந்துச்சு. ஜெயசுதா ஒரு நா, ‘மதினி, இவ கிளாஸ்ல இருக்குறதுலயே இவதான் குட்டையா இருக்கா, டாக்டர்கிட்டக் காட்டுவமா’ன்னு கேட்டா. உன் ஆத்தா என்ன பனமரமா, உன் வீட்டு உசரந்தானன்னேன். அதுக்கு மேல அவ பேசல. அவ அன்னைக்குப் பேசிருக்கணும்ல? பெத்தவளுக்கு வாயி எதுக்கு இருக்கு?

இப்பச் சொல்றதத்தான் நீ கவனிச்சுக் கேக்கணும்.

போன வருசம் ஆவணியில ஒரு நா காலையில துணி தொவைக்க எடுத்தேன். அவ உள்பாவாடையில ரத்தம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தாயி, சந்தோசத்துல. பன்னெண்டு வயசு, வயித்த வலி, ரத்தம். இதுக்கு மேல என்ன வேணும்? வாசல்ல நின்னு நான் போட்ட கொலவ சத்தத்துல நாலு வீடு ஓடியாந்துருச்சு. வழக்கப்படி பெரிய பொம்பளைங்க ரெண்டு பேரு பாத்துச் சொல்லணும்பாங்க. நானே பாத்துட்டேன்ல, பெறகு எவ பாக்கணும்? ஜெயசுதா ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்து நின்னா. அவ கையில சக்கரையக் குடுத்தேன்.

தாய்மாமன் குருசாமி கோயில்பட்டியில இருந்து வந்தான். எதுக்கும் அசையாத ஆளு, மருமகளுக்குன்னதும் பச்ச ஓல வெட்டி, கொல்லப்பக்கம் செவுத்தோட சாச்சு, பிள்ள தனியா இருக்கக் குச்சு கட்டினான். ஜாதிப் பெருமையும் மாமன் பெருமையும் போட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போர்டு வச்சான். போர்டுல பிள்ள மூஞ்சிய இன்னும் கொஞ்சம் வெளுப்பாப் போடச் சொல்லி போட்டோக் கடையில நின்னு பாத்து வாங்கினேன்.

குச்சுக்குள்ள விட்டாச்சுன்னா வெயிலு காத்து படாம இருக்கணும். தனித் தட்டு, தனிச் சொம்பு. உளுந்தங்களி கிண்டி, குழி பறிச்சு நல்லெண்ண ஊத்தி, நாட்டுக்கோழி முட்டையப் பச்சையா ஒடச்சு வாயில ஊத்தணும். இடுப்பெலும்பு வலுக்கணும்ல, நாளப்பின்ன பிள்ள பெறணும்ல. அவ திங்கமாட்டேன்னா. மடியில போட்டு ஊட்டினேன். கக்குனா. தொடச்சுவிட்டுத் திரும்ப ஊட்டினேன். ராவும் பகலும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடந்தா. பொம்பளையாப் பொறந்தா இந்த வலிதாண்டி, பழகிக்கோன்னு காலப் பிடிச்சுவிட்டேன்.

சடங்குக்கு மொத நா சாயங்காலம். நான் களி கொண்டுபோனேன். என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டா.

“அத்த, அது நீங்க நெனைக்கிற எடத்துல இருந்து வரல. வெளிக்கிப் போற எடத்துல இருந்துதான் வருது. ரொம்ப நாளா வருது.”

நீயே சொல்லு, பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு எது எங்கன்னு என்ன தெரியும்? பயத்துல பேசுதுன்னு நெனச்சேன். பந்தல் போட்டாச்சு. சொந்தக்காரங்க வந்து எறங்கிட்டாங்க. என் மாமியா வீட்டு ஆளுக்குக் கூட நான் வேணும்னே சொல்லிவிட்டிருந்தேன், வந்து எம் பிள்ள நெறத்தப் பாக்கட்டும்னு. அந்த நேரத்துல போய் நான் என்னத்தன்னு சொல்ல? ‘இத வேற எவகிட்டயும் சொல்லிராதடி, சிரிப்பாளுக. உங்க அம்மாகிட்டயும் மூச்சு விடாத’ன்னேன். அவ யாருகிட்டயும் சொல்லல. சொன்ன சொல்லு கேக்குற பிள்ள தாயி அது.

மறுநாளு மஞ்சத்தண்ணி ஊத்தி, பட்டுச் சீலையச் சுத்தி மணையில உக்கார வச்சோம். சீலை அவளவிட கனமா இருந்துச்சு. மாமன் மால போட்டான். பாத்தவுக எல்லாம், லோகம்மா, உன் மருமக மெழுகு பொம்ம மாதிரி இருக்கான்னாங்க. எனக்கு அப்படி ஒரு நெறவு. ஆரத்தி எடுக்கும்போது சாஞ்சுட்டா. கண்ணு பட்டுருச்சுன்னு பூசணிக்கா சுத்தி ஒடச்சோம்.

பெறகு? மாசம் போச்சு, அடுத்தது வரல. சிலதுக்குத் தள்ளித் தள்ளித்தான் வரும்னு நானே சமாதானம் சொன்னேன். காச்சல் விட்டு விட்டு வந்துச்சு. வெளிக்கிப் போற எடத்துக்கு நடக்கவே செவுத்தப் பிடிச்சா. தை மாசம் ஒரு நா ஜெயசுதா மில்லுக்கு லீவு சொல்லிட்டுப் பிள்ளையத் தூக்கித் தோள்ல போட்டா. பதிமூணு நடக்கப்போற பிள்ளைய, கைக்கொழந்தையத் தூக்குற மாதிரி. நானும் கூடவே ஏறிட்டேன்.

இதே ஆசுபத்திரிதான். கொழா விட்டுப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. குடல் பூராம் புண்ணு, ரொம்ப நாளாவே இருந்திருக்குன்னாங்க. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு இப்படி ஒரு சீக்கு வருமாம். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி, சின்ன வயசு. ரிப்போர்ட்டப் பாத்துட்டு, வைட்டமின் ‘டி’ன்னு ஒரு சத்து, இவ ஒடம்புல இருக்கான்னே தேட வேண்டியிருக்கு, இந்த ஊரு வெயில்ல இருந்துக்கிட்டு இது எப்படின்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, வெயிலே படாம வளத்த பிள்ளைம்மான்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா பேனாவ வச்சுட்டு என்னயவே பாத்தாங்க.

அப்ப வெயில் படாமத்தான் இந்தச் சீக்கு வந்துச்சான்னு ஜெயசுதா கேட்டா. அப்படிச் சொல்ல முடியாது, இது ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதுன்னாங்க. கேட்டுக்கோ. டாக்டர் வாயால வந்தது. அதுக்கு மேலயும் என்னமோ சொன்னாங்க. அந்தச் சத்து கொறஞ்ச பிள்ளைங்களுக்கு இந்தச் சீக்கு கூடுதலாப் படுத்துறதப் பாக்குறோம், எலும்பும் வலுவத்துப் போகும்னு. குடல் புண்ணா இருந்தாலும் அந்தச் சத்து ஒட்டாதாம். அப்ப எது மொதல்ல, எது பெறகு? அத யாரும் எனக்கு வெளங்கச் சொல்லல. ஜெயசுதா மட்டும் எல்லாம் வெளங்குன மாதிரி தலையாட்டிக்கிட்டு நின்னா.

பெறகு வயசுக்கு வந்தாச்சான்னு கேட்டாங்க. ஆச்சும்மா, ஜாம் ஜாம்னு சடங்கு செஞ்சோம்னேன். டாக்டரம்மா பிள்ளையத் திரைக்கு அங்கிட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, ஜெயசுதாவப் பாத்துத்தான் சொன்னாங்க, என்னயப் பாக்கல.

“இவ இன்னும் வயசுக்கு வரலம்மா. இந்த நோய் இருந்தா வளர்ச்சியே தள்ளிப்போகும். நீங்க பாத்தது குடல்ல இருந்து வந்த ரத்தம். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு சுருங்கியிருக்காது.”

திரைக்கு அங்கிட்டு இருந்து சுபி மெதுவாச் சொன்னா.

“அத்தகிட்ட அப்பவே சொன்னேன்மா.”

கோவமாச் சொன்னாக் கூட தாங்கியிருப்பேன். பரீச்சையில கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி சொன்னா. ஜெயசுதா சத்தம் போடல, ஏசல. வராந்தாவுக்கு வந்ததும் என் பையக் கொண்டாந்து என் கையில குடுத்தா. “மதினி, ஊருக்குப் போங்க. இனிமே எம் பிள்ளையப் பாக்க வராதீங்க”ன்னா. எம் பிள்ளையாம். பன்னெண்டு வருசம் அது நம்ம பிள்ளைன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா. தம்பிக்குப் போனப் போட்டேன். அவன், நீ கொஞ்ச நாளு வீட்டுல இரு அக்கான்னு சொல்லி வச்சுட்டான். ஒருத்தராவது, நீயும் அந்தப் பிள்ள மேல உசுர வச்சுத்தான செஞ்சன்னு கேக்கணும்ல? எவனும் கேக்கல.

அதுல இருந்து மருந்து, ஊருக்குப் போறது, திரும்ப வந்து படுக்குறதுன்னு ஓடுது. மாத்தர போட்டு மூஞ்சி உப்பிப் போச்சுன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. வாரத்துக்கு ஒரு பொடியாம், பால்ல கலக்கிக் குடிக்கணுமாம், அதுதான் அந்தச் சத்து. ஒரே வீடுதான். நடுவுல கதவப் பூட்டிட்டா. செவுத்துக்கு அங்கிட்டு பிள்ள அனத்துறது எனக்குக் கேக்கும். தட்டிப் பாப்பேன், தெறக்க மாட்டா. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. நான் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.

இப்ப ஆபரேசனுன்னு கேள்விப்பட்டதும் இருக்க முடியல. நேத்து வந்தேன்னு சொன்னேன்ல? அந்தா, அந்தக் கட்டடத்துக்கு முன்னால ஒரு வெட்டவெளி தெரியுது பாரு, நடுவுல ஒரு பெஞ்சு. நல்ல உச்சி வெயிலு வர்ற நேரம், எம் பிள்ளைய அதுல உக்கார வச்சிருக்கா. தலையில ஒரு துணி இல்ல. கையையும் காலையும் நீட்டிக்கிட்டு, மூஞ்சிய மேல தூக்கி, கண்ண மூடி உக்காந்திருக்கு. உப்பின மூஞ்சி, கறுத்துப்போன கை. எனக்கு அடையாளமே தெரியல தாயி. பெறகு தெரிஞ்சதும் என்னால நிக்க முடியல. ஓடிப்போய் என் முந்தானைய விரிச்சு அவ தலைக்கு மேல பிடிச்சேன்.

கண்ணத் தெறந்து பாத்தா. எந்திரிச்சா, ஒரு கையால வயித்தப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. நான் அப்படியே முந்தானைய விரிச்சுக்கிட்டு, கீழ ஆளில்லாம நின்னுக்கிட்டு இருக்கேன்.

கொஞ்ச நேரத்துல ஜெயசுதா வெளிய வந்தா. அவளும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கா, அதையும் சொல்லணும். “ஆபரேசனுக்கு முன்னால ஒடம்பு கொஞ்சமாவது தேறணும்னு சொல்லிருக்காங்க மதினி. தெனம் இத்தன நேரம் வெயில்ல உக்கார வைங்கன்னாங்க. திரும்பவும் கூப்பிட்டேன். அத்த இருப்பாங்க, நான் வரலங்குறா”ன்னா. அவ கண்ணுல தண்ணி நிக்குது. என்னய ஏசணும்னு கூட அவளுக்குத் தெம்பு இல்ல. நான் பஸ் ஏறிட்டேன்.

இன்னைக்கு வரக்கூடாதுன்னுதான் நெனச்சேன். கால் நிக்கல.

ஏ தாயி, மெதுவாத் திரும்பிப் பாரு. வெளிய வர்றது அவங்கதானே? பச்சப் பாவாட, ஆத்தா கையப் பிடிச்சுக்கிட்டு? ஆமா, அதுதான் சுபி. எப்படி நடக்குது பாரு, அடி வச்சு அடி வச்சு. நாலு தெரு கேக்கக் கத்திக்கிட்டு ஓட வேண்டிய பிள்ள. நான் ஓடவிடலைங்கிறியா? நீ ஒண்ணும் சொல்லல, சரி.

என்னது? நீ போய்க் கூட்டிட்டு வர்றியா? உனக்கு நல்ல மனசு. பேச்சுக் குடுத்தா உன்கிட்ட வரும், சொன்ன சொல்லு கேக்குற பிள்ளதான். ‘அத்த அந்தா இருக்காங்க’ன்னு நீ சொன்னா ஒருவேள வந்துரும். வந்து ஒரு வார்த்த...

வேணாம். இரு, உக்காரு. இல்ல, எந்திரி. எந்திரிச்சு எனக்கு முன்னால நில்லு, அவ இங்கிட்டுப் பாத்தா என்னயத் தெரியக் கூடாது. நானும் மரத்துக்கு அங்கிட்டு ஒண்டிக்கிறேன். எனக்குத் தூரத்துல சரியாத் தெரியாது, நீதான் பாத்துச் சொல்லணும். உக்காந்துட்டாளா? கைய நீட்டி வச்சிருக்காளா? அந்தக் கட்டடத்து நெழலு அவ மேல விழுகாம இருக்கா? மூஞ்சி மேலயும் படுதா?

படட்டும். நல்லாப் படட்டும்.

நீ அசையாத தாயி. அவளா எந்திரிச்சு உள்ள போற வரைக்கும் அப்படியே நில்லு.